உளவியலில் பிஎச்.டி. சேர நினைக்கிறீர்களா? கேள்வியிலிருந்து நேர்காணல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருக்கும் உளவியல் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், நெட்டுக்கு எந்த புக் படிக்கணும்?" பதிலுக்கு நான், "எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போற?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை ஆறேழு மாதம் உட்கார்ந்து படித்தால் கரையேறிவிடலாம். ஆய்வுக் கேள்வி அப்படி வராது. உறை ஊற்றி வைத்த பால் மாதிரி, அதற்கென்று ஒரு நேரம் வேண்டும். விண்ணப்பிக்கப் பதினைந்து, பதினெட்டு மாதம் இருக்கும்போதே ஊற்றி வைத்துவிட வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் தேர்வு நடுவில்தான் வரும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டு விண்ணப்பம் வேறு கதை.

முதலில்: பிஎச்.டி. வேறு, கிளினிக் வேறு

"பிஎச்.டி. முடிச்சுட்டா கிளினிக் போடலாம்ல?" இந்த நம்பிக்கையோடு வருபவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். உளவியலில் பிஎச்.டி. என்பது ஆய்வுப் பட்டம். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், கல்லூரியில் பாடம் நடத்தலாம், ஆய்வு நிறுவனத்தில் சேரலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த பயிற்சி வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தபடியே படிக்கும் இரண்டாண்டு எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜிதான் நெடுங்காலமாக இதற்கான வழி. சைடி என்று சொல்லப்படும் தொழில்முறை முனைவர் படிப்பும் உண்டு. பொதுவாக எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022இல் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை அவகாசம் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், நீங்கள் சேரும் ஆண்டில் கவுன்சிலின் தளத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதுதான் உங்கள் ஆசை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அந்த வழியில் போங்கள். நான்கைந்து வருடம் மிச்சமாகும்.

தகுதி: ஒரு நிமிட வேலை

2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. பிஎச்.டி. விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகள், ஈ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்காண்டு இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதம் வாங்கியிருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் சேரலாம். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. என்று யாராவது போன் செய்தால் பணிவாக வைத்துவிடுங்கள்.

கேள்வியைப் பிடிப்பது

இதற்குத்தான் நேரம் வேண்டும், இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

"ஐ.டி. ஊழியர்களின் மனஅழுத்தமும் வேலைத் திருப்தியும்". இந்தத் தலைப்பை நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. சோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். நாடு முழுவதும் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட ஆய்வேடுகளை குஜராத்தில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் அங்கே இலவசமாக வைத்திருக்கிறது. இதே தலைப்பு, ஊர் பெயர் மட்டும் மாறி, பக்கம் பக்கமாக வரும். தலைப்பில் குற்றமில்லை. அதில் கேள்வி இல்லை என்பதுதான் சிக்கல். அழுத்தம் கூடினால் திருப்தி குறையும் என்று சொல்ல ஆறு வருடம் எதற்கு?

சரி, கேள்வி எங்கிருந்து கிடைக்கும்? பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்த தரவு இடறிய இடத்திலிருந்துதான். ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

மனச்சோர்வை அளக்க சி.ஈ.எஸ்.-டி. என்று 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு. 1977இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ஒரு கேள்வி, 'ப்ளூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து, குடும்பத்தாரும் நண்பர்களும் உதவியும் அதை உதறித் தள்ள முடியவில்லையா என்று கேட்கும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஒரு மாணவி இதைத் தமிழில், "சோகத்தை என்னால் உதற முடியவில்லை" என்று எழுதிக்கொண்டு கிராமத்துக்குப் போனாள். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் கேட்டாராம்: "எந்த சோகம்மா? எங்க வீட்ல யாரும் சாவலியே." இவளும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டாள். பேப்பரை மடித்து வைத்த பிறகு அந்த அம்மா சாவகாசமாகச் சொன்னது: "நெஞ்சு பாரமாத்தான் இருக்கு. ராத்திரி கண்ணு மூடுறதில்ல. யார் வந்தாலும் பேசப் பிடிக்கல."

அளவுகோலில் மதிப்பெண் குறைவு, ஆளிடம் சோர்வு நிறைய. இப்போது கேள்வி தானாக வருகிறது பாருங்கள். கிராமத்து முதிய பெண்கள் உடல் சார்ந்த கேள்விகளுக்கு 'ஆமாம்' என்றும் மனம் சார்ந்த கேள்விகளுக்கு 'இல்லை' என்றும் சொல்கிறார்களா? அப்படியானால் அது அவர்கள் மனச்சோர்வின் இயல்பா, நம் மொழிபெயர்ப்பின் கோளாறா? "மனசு ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு பாரம்" என்று அவர்கள் சொல்லும் சொற்களிலேயே கேட்டால் அந்த இடைவெளி குறையுமா?

இந்தக் கேள்விக்கு பதில் எப்படி வந்தாலும் ஆய்வு நிற்கும். குறைந்தது என்றாலும் செய்தி, குறையவில்லை என்றாலும் செய்தி. உங்கள் கேள்வியையும் இப்படி உரசிப் பாருங்கள்: முடிவு நான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தாலும் யாருக்காவது உபயோகமா? இல்லையென்றால் அது இன்னும் கேள்வியாகவில்லை, தலைப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி கிடைத்ததும் அதைச் சுற்றி முப்பது நாற்பது ஆய்வுக் கட்டுரைகளைப் படியுங்கள். ஒரு எக்செல் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், எந்த அளவுகோல், என்ன கிடைத்தது, உங்களுக்கு எது உறுத்துகிறது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதை நிரப்பாமல் விட்டால் படித்ததும் படிக்காததும் ஒன்று. ஸோட்டிரோ என்ற இலவச மென்பொருளில் சேமித்துக்கொண்டால் பின்னால் மேற்கோள் பட்டியல் போட அழ வேண்டியதில்லை.

எண்களுக்குப் பயப்படாமல் இருப்பது

உளவியலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கணக்கிலிருந்து தப்பி வந்தவர்கள் (நானும்தான்). அது இங்கே வந்து பிடித்துக்கொள்ளும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்கக் காசில்லை என்பது இன்று சாக்கில்லை. ஜாமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், மவுஸை வைத்தே வேலை செய்யலாம். உங்கள் எம்.எஸ்சி. தரவையே அதில் போட்டு எல்லா ஆய்வையும் மறுபடி செய்து பாருங்கள்.

எத்தனை பேரிடம் தரவு எடுப்பது என்பதற்கு "300 பேர், ஏன்னா சீனியர் 300 எடுத்தாங்க" என்று பதில் சொல்லக் கூடாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் வந்துவிடும். இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள், எதிர்பார்க்கும் வேறுபாட்டின் அளவு நடுத்தரம் (0.5), பவர், அதாவது இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, 80 சதவீதம், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் பிழைக்கு எல்லை 0.05, இரு முனைச் சோதனை: குழுவுக்கு 64 பேர் வேண்டும். இந்த 64ஐ மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 0.5 என்று ஏன் எடுத்தீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

கைடு

நெறியாளர் என்று விண்ணப்பத்தில் எழுதுவோம், வாயில் வருவது கைடு. உங்கள் அடுத்த ஐந்து வருட நிம்மதி அவர் கையில்.

முதலில் இடம் இருக்கிறதா பாருங்கள். விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்கள் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. பெரிய பெயரைப் பார்த்து ஓடுவதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள். பல துறைகள் காலியிடப் பட்டியலைத் தளத்தில் போடுகின்றன. போடாவிட்டால் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்பதில் தவறில்லை.

அப்புறம் அதே சோத்கங்காவுக்குப் போய் கைடின் பெயரில் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த தேதியும் ஒப்படைத்த தேதியும் இருந்தால் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள் என்று தெரியும். நன்றியுரையைக் கட்டாயம் படியுங்கள். எல்லோரும் கைடைப் புகழத்தான் செய்வார்கள். ஆனால் "ஒவ்வொரு வாரமும் என் வரைவைத் திருத்தித் தந்த" என்று எழுதுவதற்கும் "தம் மேலான ஆசிகளை வழங்கிய" என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து மின்னஞ்சல். நான் விண்ணப்பித்த காலத்தில் ஒரே கடிதத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கியிருந்தேன். பன்னிரண்டில் ஐந்து பேர் பெண்கள். ஒரு பதிலும் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம். நல்ல கடிதம் பத்து வரி. நீங்கள் யார் என்று ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது உங்களை நிறுத்தியது என்று மூன்று வரி. உங்கள் கேள்வி மூன்று வரி. இந்த ஆண்டு ஆள் எடுக்கிறாரா என்று ஒரு வரி. விரிவான ஆய்வுத் திட்டத்தை முதல் கடிதத்திலேயே இணைக்காதீர்கள், கேட்டால் அனுப்பலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தேர்வுகள்

யு.ஜி.சி. நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். உளவியல் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு இல்லை. அதனால் ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள். உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். முதல் அலகில் பகவத் கீதை, பௌத்தம், சூஃபியம் உள்ளிட்ட இந்தியச் சிந்தனை மரபுகள் வரும். எம்.எஸ்சி.யில் பலரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆய்வு முறை, உளவியல் சோதனைகள் ஆகிய இரண்டு அலகுகளில் செலவிடும் நேரம் நேர்காணலுக்கும் சேர்த்து உதவும் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். முதல் தாளைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். 100 மதிப்பெண்ணை அப்படி அலட்சியம் செய்யாதீர்கள்.

2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். மூன்று வகையாகத் தேர்ச்சி தருகிறார்கள்: ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்கள், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. தகுதியும் பெறுபவர்கள், பிஎச்.டி. தகுதி மட்டும் பெறுபவர்கள். ஜே.ஆர்.எஃப். இருந்தால் நேர்காணல் மட்டும்தான். மற்ற இருவகையினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கு, அந்த மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான் செல்லும். சொந்தமாக நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதில் பாதி ஆய்வு முறை, பாதி பாடம்.

அதே 2024 ஜூனில் 18ஆம் தேதி நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. ஆகஸ்டு, செப்டம்பரில் மறுபடி எழுதினார்கள். ஒரே தேர்வை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டின் சேர்க்கைக் கணக்கே குழம்பியது. அதனால் கேட் தேர்வையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2021 முதல் மனிதவியல், சமூக அறிவியலுக்கென்று எக்ஸ்.ஹெச். தாள் இருக்கிறது, அதில் உளவியல் ஒரு பிரிவு. பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஐ.ஐ.டி.களின் மனிதவியல் துறைகளுக்கு இது உதவும். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவை தனித் தேர்வு வைக்கின்றன. தமிழ்நாட்டின் செட் எனும் மாநிலத் தகுதித் தேர்வு உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதி மட்டும்தான், அதில் உதவித்தொகை கிடையாது.

ஆய்வுத் திட்டம் எழுதுவது

எத்தனை சொல் என்று அறிவிப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் 1,500 சொல்லைத் தாண்டாதீர்கள். பலரும் முதல் இரண்டு பக்கத்தை "மனநலம் என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கம்" என்று வீணடிக்கிறார்கள். படிப்பவருக்கு அது தெரியும். முதல் பத்தியிலேயே சிக்கலைக் காட்டுங்கள். நம் உதாரணத்தில், அந்த அம்மாவின் 'யாரும் சாவலியே' என்ற பதிலே போதும்.

அப்புறம் இதுவரை மற்றவர்கள் கண்டது, அதில் விடுபட்டது, உங்கள் கேள்வி, கருதுகோள். முறை பற்றிய பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்: யார், எந்த ஊர், எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், எந்த அளவுகோல், அதைத் தமிழாக்கிய முறை, அதை மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கப் போகிறவர்கள், பகுப்பாய்வு. அளவுகோலைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா, காசு கட்ட வேண்டுமா என்று இப்போதே பாருங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் பற்றி ஒரு பத்தி கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதல் எப்படி வாங்குவீர்கள், பேசும்போது யாருக்காவது தற்கொலை எண்ணம் இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் அதில் வர வேண்டும்.

சேர்க்கைக்கு முன்னால் ஒரு கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சாகும் பத்திரிகையில் போடுவதைவிட எதுவும் போடாமல் இருப்பது மேல். குழுவில் ஒருவராவது அந்தப் பெயரைக் கண்டதும் புருவத்தை உயர்த்துவார்.

நேர்காணல்

பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நான்கைந்து பேர் எதிரில். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்காதீர்கள். எம்.எஸ்சி. ஆய்வு, அதில் இடறியது, அதனால் இந்தக் கேள்வி. அவ்வளவு போதும்.

கிராமத்துக்குப் போன அந்த மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேரடி மொழிபெயர்ப்பை 64 பேரிடமும் உள்ளூர்ச் சொற்களில் எழுதியதை வேறு 64 பேரிடமும் கொடுப்பதாக எழுதியிருந்தாள். குழுவில் ஒருவர் கேட்டார்: "எதுக்கும்மா 128 பேர்? ஒரே ஆள்கிட்ட ரெண்டையும் கொடுத்தா முப்பத்து நாலு பேர்ல முடிஞ்சிடுமே?" கணக்கு சரிதான், அதே 0.5ஐ ஒருவரின் இரண்டு பதில்களுக்கு இடையிலான வேறுபாடாக எடுத்தால் 34 வரும். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், முதல் தாள்ல 'நெஞ்சு பாரம்'னு கேட்டுட்டா, ரெண்டாவது தாள்ல 'சோகம்'னு வரும்போது அதத்தான் கேக்கறாங்கன்னு புரிஞ்சிடும். அப்புறம் நேரடி மொழிபெயர்ப்பு தனியா எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது" என்றாள். "வரிசையை மாத்திக் கொடுத்தா?" என்றார் அவர். "பாதிதான் சரியாகும் சார். சோகம் முதல்ல வந்தா பிரச்சினை இல்ல, பின்னால வந்தா இருக்கும். ரெண்டு பக்கமும் பாதிப்பு ஒரே அளவா இருக்காது." அதற்கப்புறம் பாடத்தில் எதுவும் கேட்கவில்லை. கிராமத்தில் யார் அழைத்துப் போவார்கள், எங்கே தங்குவாய் என்று விசாரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வரும். பாதி பதிலைத் தமிழில் சொன்னாள், யாரும் தடுக்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிமாநிலம் போகிறவர்கள் தங்கள் ஆய்வுத் திட்டத்தை ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேசிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், உளவியல் தெரியாத ஒரு நண்பரிடம். அவருக்குப் புரிந்தால் போதும்.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம். "தெரியல சார், ஆனா இப்படி யோசிச்சுப் பார்ப்பேன்" என்று சேர்த்தால் இன்னும் நல்லது. சமூகப் பொருளாதார நிலையை எப்படி அளப்பீர்கள் என்ற கேள்வி அடிக்கடி வரும். குப்புசாமி அளவுகோல் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். அது 1976இல் வந்தது. வருமான வரம்புகளை விலைவாசிக்கேற்பத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும், நீங்கள் எந்த ஆண்டுத் திருத்தத்தை எடுக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு, கட்டணம் கட்டும் முன்

ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆய்வாளர் ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. விருதுக் கடிதம் மூன்று ஆண்டு செல்லும், அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். வயது வரம்பு 30, பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு தளர்வு. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்கள் எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைகள், சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) உதவித்தொகை, தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பணம் மாதாமாதம் ஒழுங்காக வராது. முதல் தவணைக்கு ஆறு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கையில் அத்தனை மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வைத்துக்கொண்டு சேருங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முந்தின நாள் துறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கைடைப் பார்க்க வேண்டாம், அவருடைய மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, கட்டுரையில் யார் பெயர் முதலில் போகிறது, ஆய்வைத் தவிர வேறென்ன வேலை வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். டீ முடிவதற்குள் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.